எண்ணெய் பாட்டில கழுவாம போட்டா என்ன ஆகும்? வெட்டவெளிக்கு ஒரு பதில்

கணக்குப்பிள்ளை:
நேத்து வேற ஒரு திரில நண்பர் வெட்டவெளி போற போக்குல ஒரு வரி எழுதிட்டு போயிருக்காரு. "டப்பாவ கழுவி ரீசைக்கிள் தொட்டில போடுறது தண்ணிக்கு பிடிச்ச கேடு, பேக்டரில எப்படியும் கழுவத்தான் போறாங்க." இதுக்கு ஆளாளுக்கு லைக் வேற. படிச்சதுல இருந்து மனசே ஆறல. நான் ரெண்டு வருஷம் குப்பைய தரம் பிரிக்கிற பெல்ட்டு பக்கத்துல நின்னு வேலை பாத்தவன். அடில ரெண்டு ஸ்பூன் எண்ணெய், மூடி அரைகுறையா திருகியிருக்கும், அப்படி ஒரே ஒரு பாட்டில் வண்டில அமுங்குச்சுன்னா பக்கத்துல இருக்கிற அட்டைப்பெட்டி அத்தனையும் அத குடிச்சிரும். எண்ணெய் குடிச்ச அட்டைய என்ன பண்ணுவாங்க தெரியுமா? குப்பைமேட்டுக்கு அனுப்புவாங்க. அதையும் என் கையாலதான் எடுத்து வீசியிருக்கேன்.

வெட்டவெளி:
என் பேர போட்டே திரி தொடங்கியாச்சா, நல்லது. நான் சொன்னதுல என்ன தப்பு? பெட் (PET) பாட்டில, அதான் தண்ணி, எண்ணெய் வர்ற பிளாஸ்டிக் பாட்டில, சில்லு சில்லா வெட்டி, காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணில கழுவுறாங்க. லேபிள் ஒட்டுன பசையே அதுல கழண்டு போகுது. பசை போற இடத்துல எண்ணெய் போகாதா? பதில் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
பாட்டில் சுத்தமாயிரும்ங்க, அத யாரு இல்லன்னா? அட்டை? அட்டைய காஸ்டிக் சோடால கழுவுவாங்களா? காகிதத்த தண்ணில ஊறப்போட்டு கூழாக்குவாங்க, அதுல எண்ணெய் கலந்தா நாரோட ஒட்டிக்கிட்டு தாள்ல கறை கறையா வந்து நிக்கும். நான் அட்டைய கேட்டேன், நீங்க பாட்டில சொல்றீங்க.

வெட்டவெளி:
நீங்க திரிக்கு வச்ச தலைப்பே எண்ணெய் பாட்டில்தான். இப்ப அட்டைங்கிறீங்க.

மண்புழு:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுவரைக்கும் உலகத்துல குப்பையான பிளாஸ்டிக்ல ரீசைக்கிள் ஆனது ஏறக்குறைய 9 சதவீதம்தான், 12 சதவீதம் எரிச்சாச்சு, மிச்சம் 79 சதவீதம் குப்பைமேட்டுலயும் மண்ணுலயும் கடல்லயும் கிடக்குதுன்னு. அந்த 9 சதவீதத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு கழுவலாமா வேணாமான்னு சண்டை போடுறீங்க. பாட்டிலயே வாங்காதீங்க. எண்ணெய அளந்து ஊத்தி குடுக்கிற இடத்துக்கு சொந்த கேன எடுத்துட்டு போங்க, நான் 6 வருஷமா அப்படித்தான் பண்றேன், எங்க வீட்டுல கழுவுறதுக்கு பாட்டிலே கிடையாது.

கணக்குப்பிள்ளை:
மண்புழு அண்ணே, உங்க பெருமைய வேற திரில வச்சுக்கோங்க. எல்லார் வீட்டு பக்கத்துலயும் அளந்து ஊத்துறவங்க இருக்காங்களா? இருக்கிற பாட்டில என்ன பண்றதுங்கிறதுதான் இங்க கேள்வி.

செல்வி_க:
நான் ஒண்ணு கேட்டுக்கிறேன். பாட்டில் அடில முக்கோணத்துக்குள்ள நம்பர் போட்டிருக்கே, அது இருந்தாலே ரீசைக்கிள் ஆகும்னுதானே அர்த்தம்? நான் 7ம் நம்பர் வரைக்கும் எல்லாத்தையும் போட்டுட்டு இருக்கேன்.

வெட்டவெளி:
ஆகும் ஆகும், போடுங்க.

கணக்குப்பிள்ளை:
இப்படித்தான் ஜனங்கள கெடுக்கிறது. செல்விம்மா, அந்த நம்பர் என்ன வகை பிளாஸ்டிக்குன்னு சொல்ற அடையாளம், அவ்வளவுதான். 1988ல அமெரிக்காவுல பிளாஸ்டிக் தொழில் சங்கத்துக்காரங்க கொண்டுவந்தது. 1ம் 2ம் பொதுவா வாங்கிக்குவாங்க, 5 சில இடத்துல உண்டு, 3ம் 6ம் பெரும்பாலும் தள்ளிடுவாங்க, 7 வந்து மத்ததெல்லாம் சேத்து கட்டுன மூட்டை. உங்க பகுதில எத வாங்குறாங்கன்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க. ஆனா எந்த நம்பரா இருந்தாலும் கழுவி போடுங்க.

வெட்டவெளி:
பாத்தீங்களா, சுத்தி சுத்தி கழுவுறதுலயே வந்து நிக்கிறாரு. ஒரு பாட்டிலுக்கு ஒரு லிட்டர் தண்ணி, சோப்பு வேற. அந்த தண்ணிக்கு கணக்கு சொல்லுங்க கணக்குப்பிள்ளை, பேருக்கு ஏத்த மாதிரி.

கணக்குப்பிள்ளை:
ஒரு லிட்டரா? யாரு உங்கள குளிப்பாட்ட சொன்னது? முதல்ல பாட்டில தலைகீழா ஒரு ராத்திரி கிண்ணத்து மேல நிக்க வைங்க, காலைல பாருங்க அடில எவ்வளவு எண்ணெய் தேங்கியிருக்குன்னு, அத எடுத்து உபயோகமே பண்ணிக்கலாம். அப்புறம் பாத்திரம் தேய்ச்ச தண்ணி இருக்குல்ல, கீழ கொட்டப்போற அதே தண்ணி, அதுல அரை டம்ளர் உள்ள ஊத்தி குலுக்கி கொட்டிட்டு கவுத்து வைங்க. முடிஞ்சுது. புதுசா ஒரு சொட்டு தண்ணி செலவில்ல. இத நான் போன வருஷமே எழுதுனேன், அப்பவும் நீங்கதான் வந்து கேலி பண்ணீங்க, மறக்கல நான்.

வெட்டவெளி:
போன வருஷம் நீங்க எழுதுனது மூடிய கழட்டி தனியா போடணும்னு. இப்ப அத பத்தி மூச்சே இல்ல. பல இடத்துல மூடிய திருகியே போடுங்கங்கிறாங்க, தனியா போட்டா சின்னதா இருக்கிறதால சலிக்கிற இடத்துலயே கீழ விழுந்துரும். உங்களுக்கே மாறிக்கிட்டே இருக்கு, இதுல எங்களுக்கு பாடம்.

கணக்குப்பிள்ளை:
அப்ப எங்க ஆலைல கழட்ட சொன்னாங்க, சொன்னேன். சில்லா வெட்டி தண்ணில போட்டா பெட் முங்கும், மூடி மிதக்கும், அதனால திருகி போட்டாலும் பிரிஞ்சுரும், இத பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? அட்டைக்கு பதில் சொல்லுங்க.

நிழல்:
எங்க பகுதில காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு வேற தொட்டி. நீங்க ரெண்டு பேரும் எந்த தொட்டிய பத்தி பேசுறீங்கன்னே புரியல. எல்லாத்தையும் ஒண்ணா போடுற தொட்டியா?

வெட்டவெளி:
தொட்டி எதுவா இருந்தா என்ன, கழுவுறது ஆலையோட வேலை.

கணக்குப்பிள்ளை:
தொட்டி எதுவா இருந்தாலும் கழுவணும். தனித்தொட்டில போட்டாலும் எண்ணெய் வழிஞ்சு எறும்பு, எலி, நாத்தம், அத கையால பிரிக்கிறவன் மனுசன்தானே? கோடைல பெல்ட்டு பக்கத்துல அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு வந்து பேசுங்க.

மண்புழு:
முக்கியமானத யாருமே பேசல. வீட்டு குப்பைல பெரிய பங்கு காய்கறி தோலும் மீந்த சோறும்தான். அத தனியா எடுத்து உரமாக்குனாலே தொட்டி பாதி காலி.

வெட்டவெளி:
உங்க உரத்தொட்டி புழு வச்சு நாறி பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாருன்னு நீங்களே புலம்புன திரி இன்னும் இருக்கு அண்ணே.

மண்புழு:
அது காய்ஞ்ச இலை போடாம ஈரத்த மட்டும் கொட்டுன முதல் மாசம். ஒரு பங்கு ஈரத்துக்கு ரெண்டு பங்கு காய்ஞ்ச சருகு, அட்டை துண்டுன்னு போட ஆரம்பிச்சேன், நாத்தம் நின்னுருச்சு. அத சொல்ல மாட்டீங்களே.

செல்வி_க:
எண்ணெய் பட்ட அட்டைய உரத்துல போடலாமா?

மண்புழு:
கொஞ்சமா கறை பட்டதுன்னா கிழிச்சு போடலாம், ஊறுனது வேணாம்.

கணக்குப்பிள்ளை:
ஆங், அட்டைல எண்ணெய் ஊறுச்சுன்னா உரத்துக்கே ஆகாதுங்கிறாரு, காகிதக் கூழுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்? 2018ல சீனா வெளிநாட்டு குப்பைய நிறுத்துச்சே, பழைய காகிதத்துல 0.5 சதவீதத்துக்கு மேல அழுக்கு, வேற பொருள் கலந்திருந்தா வேணாம்னு திருப்பி அனுப்புச்சே, அதுவரைக்கும் நம்ம அழுக்க அவன் கழுவிக்குவான்னு இருந்த நாடெல்லாம் கட்டுகட்டா தேக்கி வச்சு முழிச்சுது. காரணம் இதே பேச்சுதான், "அங்க கழுவிக்குவாங்க".

வெட்டவெளி:
எண்ணெய் பாட்டில்ல ஆரம்பிச்சு சீனாவுக்கு போயாச்சு. காஸ்டிக் சோடா கேள்விக்கு இன்னும் பதில் வரல.

கணக்குப்பிள்ளை:
ரெண்டாவது பதிவுலயே சொல்லிட்டேன், மேல போய் படிங்க. அட்டைக்குதான் உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தையும் வரல. இன்னைக்கு ராத்திரி ஒரு பாட்டில கவுத்து வச்சுட்டு, காலைல கிண்ணத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு இங்கயே வந்து எழுதுங்க, நான் எங்கயும் போகல.

வெட்டவெளி:
எங்க வீட்டு கிண்ணத்துக்கெல்லாம் உங்களுக்கு கணக்கு குடுக்க முடியாது.