ஹேவ்லாக், நீல் தீவுகளில் எதில் ஏறிச் சுற்றினீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

மலைக்கோட்டை:

அந்தமான் போகிறவர்கள் விமானம், கப்பல், ஓட்டல் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசுகிறார்கள். தீவில் இறங்கியபின் எதில் போவது என்பதை மட்டும் ஜெட்டி (படகுத்துறை) வாசலில், கையில் பெட்டியோடு நின்று முடிவு செய்கிறார்கள். போய் வந்தவர்கள் அவரவர் பட்டதை எழுதினால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

வாடகையைப் பற்றிப் பேசும் முன் இருட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையும் ஹேவ்லாக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான். ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கடிகாரமோ நம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. அதனால் சென்னையில் சூரியன் மறைவதற்குச் சுமார் 50 நிமிடம் முன்பே அங்கே மறைந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆறு மணிக்கு நல்ல இருட்டு. "ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பிக்கொள்ளலாம்" என்று நம் ஊர்க் கணக்கில் திட்டம் போட்டால், அதில் பாதி இருட்டில்தான் நடக்கும்.

ஹேவ்லாக்கில் கிராமங்களை எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தியபோது வந்த எண்கள் அவை. ஜெட்டி ஒன்றாம் நம்பர். கடைத்தெரு மூன்றாம் நம்பர். நிறைய ஓட்டல்கள் ஐந்தாம் நம்பர் கடற்கரையை ஒட்டி இருக்கின்றன. ராதாநகர் கடற்கரை ஏழாம் நம்பர், ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். காலாபத்தர் கடற்கரை நேர் எதிர்ப்பக்கம், ஐந்தாம் நம்பரைத் தாண்டிப் போக வேண்டும். இந்த எண்கள் மனசில் இருந்தால் யாரிடமும் வழி கேட்கலாம், எந்த வண்டிக்காரரிடமும் பேசலாம். இன்னொன்று: 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீப் ஆனது, நீல் ஷகீத் தீப் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். ஊரில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது.

நான் எடுத்தது ஸ்கூட்டர். ஒரு நாளைக்கு 500 ரூபாய், பெட்ரோல் நம் செலவு. ராதாநகர் போகிற சாலைக்காகவே ஸ்கூட்டர் எடுக்கலாம் என்று சொல்வேன். கடைத்தெருவைத் தாண்டியதும் வயல், பாக்குத் தோப்பு, வாழை. அப்புறம் சாலை மேடேறி இறங்குகிறது, இரண்டு பக்கமும் காட்டு மரங்கள். எந்த இடத்திலும் நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம், அவசரப்படுத்த ஆளில்லை. திரும்பும்போது அதே சாலையில் வெளிச்சம் என்பது நம் வண்டி விளக்கு மட்டும்தான். வளைவில் மாடு படுத்திருக்கும். அதனால் வண்டி எடுக்கும்போது பிரேக்குக்கு முன்னால் முகப்பு விளக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்கு முதலில் கொடுத்த வண்டியில் விளக்கு மினுக் மினுக்கென்றது, மாற்றித் தரச் சொல்லி வாங்கினேன். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மட்கார்டில் இருந்த கீறலுக்குக் காசு கேட்டார்கள். வீடியோவைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

நெய்தல்:

அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, ஸ்கூட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெட்டியில் ஆட்டோ பிடித்தோம். செயலியில் கூப்பிட்டு வருகிற வண்டி எதுவும் அப்போது அங்கே இல்லை, நேரில்தான் பேசினோம்.

எங்களுக்கு வாய்த்த ஆட்டோக்காரர் வங்காளி, ஐம்பது வயசு இருக்கும். ராதாநகருக்கு மூன்று மணிக்குப் போனால் போதும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, இரண்டு மணிக்கே வந்து வாசலில் நின்றுவிட்டார். காரணம் அங்கே போனபின்தான் புரிந்தது. நேரத்தோடு போனதால் வாசலுக்கு அருகிலேயே வண்டியை நிறுத்த முடிந்தது. மரத்தடி பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்தார். "சூரியன் தண்ணீரைத் தொட்டதும் எழுந்து வந்துவிடுங்கள், கடைசிவரை நிற்க வேண்டாம்" என்று இந்தியில் சொன்னார். அப்படியே செய்தோம். நாங்கள் ஆட்டோவில் ஏறும்போதுதான் கூட்டம் மொத்தமும் எழுந்து வந்தது. அத்தனை ஸ்கூட்டரும் காரும் ஒரே ஒற்றைச் சாலையில் இறங்குவதற்குள் நாங்கள் ஐந்தாம் நம்பர் வந்து சேர்ந்து, அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வயசானவர்களோடு போகிறவர்கள் கிலோமீட்டருக்குப் பேரம் பேசாமல் அரை நாளுக்குப் பேசுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. காத்திருக்கிற ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் அங்கே பெரிது. பெரியம்மா ஊருக்கு வந்த பிறகும் கடலை விட்டுவிட்டு அந்த ஆட்டோக்காரரைப் பற்றித்தான் பேசுகிறார்.

தஞ்சை வாசகன்:

அரசு பஸ்ஸை யாரும் சொல்லவில்லையே! ஜெட்டியிலிருந்து ராதாநகருக்கு பஸ் ஓடுகிறது. பெட்ரோல் செலவுக்குக்கூட ஈடாகாத கட்டணம். நான் ஏறியபோது காய்கறி மூட்டைகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், ஒரு கோழிக்கூடை, சுற்றுலா வந்தவர்களில் நானும் ஒரு வெளிநாட்டுத் தம்பதியும். கண்டக்டர் என் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் கடைசி பஸ் கிளம்பும் நேரத்தை எழுதிக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. இறங்கும்போது கடற்கரையைக் காட்டி, கைக்கடிகாரத்தையும் தட்டிக் காட்டினார்.

பஸ் அடிக்கடி வராது. அதனால் அதையே நம்பி ஒரே நாளில் நாலு இடம் பார்க்க முடியாது. ஒரு நாள் முழுக்க ஒரே கடற்கரை என்றால் பஸ்ஸை மிஞ்சியது இல்லை. நேரம் சீசனுக்குச் சீசன் மாறும், இணையத்தில் படித்ததை நம்பாமல் கண்டக்டரிடமே கேளுங்கள்.

மிதிவண்டிப் பயணி:

நீல் தீவுக்கு சைக்கிள். வேறு எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. ஜெட்டியில் இறங்கினால் பரத்பூர் கடற்கரை நடக்கிற தூரம். மேற்கே லக்ஷ்மண்பூர், கிழக்குக் கோடியில் சீதாபூர். ஜெட்டியிலிருந்து சீதாபூருக்கே ஐந்து கிலோமீட்டர் வாக்கில்தான். சாலை பெரும்பாலும் சமதளம். இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டம்.

சீதாபூரில் சூரியோதயம் பார்க்க இருட்டோடு கிளம்பினேன். பாதி வழியில் செயின் கழன்று உள்பக்கம் சிக்கிக்கொண்டது. தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கூடையை வரப்பில் வைத்துவிட்டு வந்தார். ஒரு குச்சியால் செயினை நெம்பி எடுத்து, பெடலைப் பின்பக்கம் சுற்றி மாட்டிவிட்டார். கை முழுக்கக் கரி. வாழை இலையைக் கிழித்துத் துடைத்துக்கொண்டு, "போ, போ, சூரியன் வந்துவிடும்" என்று விரட்டினார். பணம் எடுத்ததைப் பார்த்ததும் முகம் மாறியது, அதனால் பையில் வைத்துவிட்டேன். நான் சேரும்போது சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழம் வந்திருந்தது.

நீலில் கவனிக்க வேண்டிய கணக்கு அலை இறக்கம். லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவுக்கு, தண்ணீர் வற்றிய நேரத்தில் பாறைமேல் நடந்துதான் போக முடியும். வற்றுகிற நேரம் தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப் போகும். ஆட்டோவில் போகிறவர்களை ஓட்டுநர் தன் வரிசைப்படி கூட்டிப்போனால், தண்ணீர் ஏறிய நேரத்தில் கொண்டுபோய் நிறுத்த வாய்ப்புண்டு. முதலில் அலை நேரத்தைக் கேட்டுவிட்டு, மற்ற இடங்களை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடி கெட்டியான செருப்பு வேண்டும். குழிகளில் தண்ணீருக்குள் தெரிகிற பவளத்தின்மேல் தயவுசெய்து கால் வைக்காதீர்கள், அது உயிருள்ளது.

மலைக்கோட்டை:

செயினை மாட்டிவிட்ட பெரியவரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எலிஃபன்ட் கடற்கரைக்குப் போனவர்கள் யாராவது உண்டா?

நெல்லைச் சீமை:

உண்டு. அங்கே சாலை கிடையாது. ஜெட்டியிலிருந்து படகு, அல்லது ராதாநகர் சாலையில் இறங்கி வழிகாட்டியோடு காட்டுப் பாதையில் நடை. நான் போனது நடையில். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் கணுக்கால் வரை சேறு, வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். முடிவில் காடு விலகி, 2004 சுனாமியில் சாய்ந்த பெரிய மரங்கள் கரையில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. குழந்தைகளோடு போனால் படகுதான் சரி. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, அப்போது நடைதான் கைகொடுக்கும்.

அதே கடல் கொந்தளிப்பு போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கப்பலையும் நிறுத்தும், முக்கியமாக மே முதல் செப்டம்பர் வரை. தீவிலிருந்து திரும்புகிற நாளிலேயே சென்னை விமானத்தைப் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஒரு இரவு போர்ட் பிளேரில் இருக்கட்டும்.