'மேக மாதிரி' வேண்டாம்: ஆய்வு விமானம் முகிலுக்குள் செய்யும் வேலைக்கு என்ன சொல்?

மண்டபத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

வெப்பமண்டலக் கடல்மேகங்களுக்குள் ஆய்வு விமானம் நுழைந்து அளப்பதற்கு நம் கலைச்சொல் பட்டியல் வரைவில் 'மேக மாதிரி எடுத்தல்' என்று இருக்கிறது. இதை மாற்ற வேண்டுகிறேன். கணினியில் சமன்பாடுகளால் உருவாக்கும் மேகத்தையும் அதே பட்டியல் 'மேக மாதிரி' என்றே சொல்கிறது. இத்துறையின் பாதி வேலை இந்த இரண்டையும் ஒப்பிடுவது. 'மேக மாதிரி மேக மாதிரியோடு ஒத்துப்போகவில்லை' என்று எழுதினால் எது வானிலிருந்து வந்தது, எது கணினியிலிருந்து வந்தது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் 'சாம்ப்ளிங்' (sampling) என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடைந்து கிடக்கின்றன.

முதலாவது, எண்ணுவது. இறக்கைக்கு அடியில் தொங்கும் துளியெண்ணி எதையும் எடுப்பதில்லை. அதன் இரண்டு கைகளுக்கு நடுவே லேசர் கற்றை ஓடுகிறது. கடக்கும் துளி முன்பக்கமாகச் சிதறடிக்கும் ஒளியை வைத்து 2 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையான விட்டத்தைக் கணிக்கிறார்கள். துளி தன் வழியே போய்விடும். கற்றையில் நம்பத்தக்க பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர மில்லிமீட்டர்தான். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 1 கிலோமீட்டர் அகல மேகத்தைக் கடந்தால், 10 நொடியில் பார்க்கக் கிடைப்பது 300 கன சென்டிமீட்டர் காற்று. ஒரு தம்ளர் அளவு! தூய கடல்மேகத்தில் கன சென்டிமீட்டருக்கு 100 துளி என்றால் 30,000 துளிகள் தேறும். சராசரி காண அது போதும். மழைத்துளிக்குப் போதாது. 1 மில்லிமீட்டர் துளி லிட்டருக்கு ஒன்றுகூட இருக்காது. அதனால் நிழலைப் படம்பிடிக்கும் கருவி தனியாக வேண்டும்.

நிலத்துப் புகை கலந்த மேகத்தில் தொல்லை வேறு. கன சென்டிமீட்டருக்கு 500 துளிக்கு மேல் போனால் இரண்டு துளிகள் ஒரே நேரத்தில் கற்றைக்குள் நின்று ஒரே பெரிய துளியாகப் பதிவாகும். எண்ணிக்கை குறையும், அளவு கூடும். வாடைக்காற்று காலத்தில் துணைக்கண்டத்தின் புகை நம் கடலுக்கு மேல்தான் தெற்கே போகிறது. 1999-இல் மாலத்தீவிலிருந்து சி-130 விமானம் பறந்து அளந்த இந்தியப் பெருங்கடல் பரிசோதனை அந்தப் புகையைத் தேடித்தான் போனது. ஆகவே இது நமக்குத் தூரத்துப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, உண்மையாகவே எடுப்பது. எதிரோட்டக் குழாயின் நுனியிலிருந்து உலர்ந்த காற்று வெளியே வந்துகொண்டிருக்கும். அதை எதிர்த்து நுழையும் உந்தம் பெரிய துளிக்கு மட்டுமே உண்டு. வெளிக்காற்றும் துளியாகாத தூசும் தள்ளப்பட்டுவிடும். உள்ளே துளி ஆவியாகி, எந்த உப்பின் மீது, எந்தப் புகைத்துகளின் மீது அது பிறந்ததோ அந்தக் கரு மிஞ்சும். மேகநீரையே சேர்ப்பது இன்னும் கடினம். 10 சதுர சென்டிமீட்டர் முகப்புள்ள சேகரிப்பான், கன மீட்டருக்கு 0.5 கிராம் நீருள்ள மேகத்தில் நொடிக்கு 0.05 கிராம்தான் பிடிக்கும், அதுவும் ஒரு துளிகூடத் தவறாவிட்டால். 50 மில்லி சேர நூறு மேகம் கடக்க வேண்டும். குப்பியில் இருப்பது எந்த மேகத்தின் நீருமல்ல, நூறின் கலவை.

மூன்றாவது, தேர்ந்தெடுப்பது. இறங்குதளத்தில் எல்லாப் படகையும் எண்ணாமல் சில படகுகளைத் தேர்ந்து மீன்வரத்தைக் கணிப்பது போன்றது இது. விமானி அடி தட்டையாகவும் உடல் திரண்டும் இருக்கும் மேகத்தையே நாடிப் போனால், கலைந்துகொண்டிருக்கும் மேகங்கள் கணக்கில் வராது. சராசரி நீரளவு கூடித் தெரியும். அடித்தளம் 600 மீட்டரில் இருந்தால் அதற்குக் கீழே ஒருமுறை, சற்று மேலே ஒருமுறை, நடுவில், உச்சிக்குக் கீழே என்று திசை மாற்றாமல் நேர்கோட்டில் பறந்து, வழியில் வந்ததையெல்லாம் ஏற்க வேண்டும்.

மூன்றாவதற்குப் புள்ளியியல் பாடநூல்களில் 'கூறெடுப்பு' இருக்கிறது, அதையே கொள்வோம். முதலாவதற்குத் 'துளியெண்ணல்' போதும். இரண்டாவதற்கு 'முகத்தல்' என்கிறேன். முகத்தல் அளவை பள்ளியிலேயே தெரிந்த சொல். கடலை முகந்து எழுவது முகில் என்பதும் நம் பழைய வழக்கு. உள்ளிழுக்கும் குழாய்க்கு 'முகவை' எனலாமா?

தொண்டியிலிருந்து

அண்ணே, பிரிப்பு மூன்றும் சரி. 'முகவை' மட்டும் வேண்டாம். அது நம் மாவட்டத் தலைநகரின் பெயர். 'முகவையில் அடைப்பு' என்று எழுதினால் இராமநாதபுரத்தில் சாலை மறியல் என்றுதான் படிப்பார்கள். 'முகவாய்' என்றால் மோவாய் ஆகிவிடும்.

பேச்சில் நாம் மொள்கிறோம். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறவர்களைப் பாருங்கள். சிரட்டையை வேகமாகப் போட்டால் மணல் கலங்கிவிடும். ஊறிவரும் வேகத்துக்கு ஏற்பத்தான் மொள்ள வேண்டும். தூசி சேர்க்கும் சாதாரணக் குழாய்க்கும் இதே விதி. வெளிக்காற்றின் வேகத்திலேயே உள்ளிழுக்க வேண்டும். குறைவாக இழுத்தால் காற்று விலகிப் போகும், கனத்த துகள் மட்டும் நேரே நுழைந்து கணக்கைக் கூட்டும். குழாயை 'மொள்வாய்' என்போம்.

இன்னொன்று. கனமழைக்குள் போனால் பெருந்துளி மொள்வாயின் விளிம்பில் மோதி உடைந்து, ஒன்று பலவாகக் கணக்கில் ஏறும். வரைவில் இதற்கும் 'சிதறல்', லேசர் ஒளிக்கும் 'சிதறல்'. ஒரே பத்தியில் இரண்டும் வரும்.

மண்டபத்திலிருந்து

தம்பி, 'மொள்வாய்' முகவையைவிட நல்ல சொல், ஏற்கிறேன். செயலுக்கு 'முகத்தல்' நிற்கட்டும். துளி உடைவதற்குத் 'தெறிப்பு' என்று மாற்றிவிடுகிறேன்.

பயன்பாட்டுக் குறிப்பில் மூன்று செய்திகள் சேர்க்கிறேன். தாழப் பறந்தபின் லேசர் சாளரத்தில் உப்புப் படலம் படியும். பாம்பன் காற்றில் நிறுத்திய பைக் கண்ணாடியில் படியும் அதே உப்பு. ஒளி மங்கினால் துளிகள் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும், எனவே ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் துடைக்க வேண்டும். அளவு தெரிந்த கண்ணாடி மணிகளால் சரிபார்க்கும்போது, கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, நீருடையது 1.33 என்பதால் திருத்தம் போட வேண்டும். மேகத்தை விட்டு வெளியேறும்போது நனைந்த வெப்பமானி ஈரம் காயும்வரை குறைத்துக் காட்டும். அந்த நொடிகளை நீக்கிவிட வேண்டும்.

'மாதிரி'யைக் கணினி வழிக்கே விட்டுவிடுவோம். வரைவின் அடுத்த படியில் 'முகில் முகத்தல்', 'துளியெண்ணல்', 'கூறெடுப்பு' மூன்றும் தனித்தனி வரியாக வரும்.