குழாய், கமோடு வாங்க தண்ணிக்கு ஸ்டார் லேபிள் இருக்கா? (பெங்களூரு அபார்ட்மென்ட்)

வர்த்தூர்வாசி:
வணக்கம். வர்த்தூர் பக்கம் 96 வீடு இருக்கற பழைய அபார்ட்மென்ட், இந்த வருஷம் நான் கமிட்டில இருக்கேன். காவேரி கனெக்‌ஷன் இன்னும் வரல, ரெண்டு போர்வெல்ல ஒண்ணு வத்திப்போச்சு, மீதிக்கு டேங்கர்தான், மெயின்டெனன்ஸ் பணம் அதுலயே கரையுது. அதனால எல்லா வீட்டுலயும் ஃப்ளஷ் டேங்க், குழாய், ஷவர் மொத்தமா மாத்தலாம்னு பேச்சு. கொட்டேஷன் குடுத்த எல்லாருமே தண்ணி மிச்சமாகும்னு சொல்றாங்க, ஆளுக்கொரு பச்சை இலை ஸ்டிக்கர் காட்டறாங்க, யார் டெஸ்ட் பண்ணாங்கன்னு கேட்டா பதில் இல்ல. ஏசிக்கு கரண்ட் ஸ்டார் பாத்து வாங்கற மாதிரி தண்ணிக்கு அரசாங்க லேபிள் ஏதாவது இருக்கா? அமெரிக்கால தங்கச்சி வீட்டு ஷவர்ல வாட்டர்சென்ஸ்னு போட்டிருக்காம். கட்டாயமே இல்லாத லேபிளாம் அது, அப்போ அத நம்பலாமா?

பைப்லைன்_குமார்:
பில்டிங் பிளம்பிங் டிசைன்தான் என் வேலை சார், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். வாட்டர்சென்ஸ் அங்க இ.பி.ஏ.ன்னு சுற்றுச்சூழல் துறை 2006ல ஆரம்பிச்சது. கம்பெனி விருப்பப்பட்டா வரலாம், ஆனா வந்துட்டா தானே ஸ்டிக்கர் ஒட்டிக்க முடியாது, வெளியில இருக்கற சர்டிஃபிகேஷன் அமைப்பு டெஸ்ட் பண்ணி ஓகே சொல்லணும். கமோடுக்கு அங்க சட்டப்படி ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர் வரைக்கும் போகலாம், லேபிள் வேணும்னா 4.8க்குள்ள இருக்கணும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா தண்ணி கம்மியானா மட்டும் போதாது, மலத்துக்கு பதிலா சோயா பேஸ்ட் 350 கிராம் போட்டு அது ஒரே ஃப்ளஷ்ல போகுதான்னும் பாக்கறாங்க. போகலன்னா நாம ரெண்டு தடவை அழுத்துவோம், அப்புறம் என்ன மிச்சம்? உங்ககிட்ட காட்டின இலை ஸ்டிக்கர்ல இந்த விஷயம்தான் இல்ல. வீட்டுக்கே கூட அங்க லேபிள் உண்டு, சாதாரண புது வீட்ட விட 30 சதவீதமாவது தண்ணி கம்மியா செலவாகணும்.

நம்ம நாட்டுல ஐ.எஸ்.ஐ. முத்திரை குடுக்கற பி.ஐ.எஸ். அமைப்பு 2021ல ஐ.எஸ். 17650ன்னு ஸ்டாண்டர்ட் போட்டிருக்கு, முதல் பாகம் கமோடு மாதிரி சானிட்டரிவேர், ரெண்டாவது குழாய், ஷவர் ஐட்டங்கள், 1லிருந்து 3 ஸ்டார் வரைக்கும். கொட்டேஷன்ல இந்த நம்பரையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எழுத்துல கேளுங்க. பில்டிங்குக்குன்னா கிரிஹான்னு பசுமை கட்டட ரேட்டிங் இருக்கு, டெரிங்கற ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய அரசு புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டு வந்தது, ஆனா அது மொத்த கட்டடத்துக்கு, தண்ணி அதுல ஒரு பகுதிதான்.

கட்டாயமில்லன்னு ஒதுக்காதீங்க. சிங்கப்பூர்ல 2006ல விருப்ப லேபிளா ஆரம்பிச்சு 2009ல குழாய்க்கெல்லாம் கட்டாயம் ஆக்கினாங்க. நம்ம ஏசி ஸ்டாரும் 2006ல விருப்பமாதான் வந்தது, 2010லதான் கட்டாயம். 96 வீட்டு ஆர்டர் குடுக்கறவங்க கேட்டாதான் கடைக்காரன் அந்த மாடல வாங்கி வைப்பான், அதனால கண்டிப்பா கேளுங்க.

மாடிவீட்டு_மீனா:
நான் கே.ஆர்.புரத்துல டாப் ஃப்ளோர்ல இருக்கேன். 2024 மார்ச்ல தண்ணி பஞ்சம் வந்தப்போ ஏரேட்டர் (குழாய் வாயில மாட்டி தண்ணியோட காத்த கலந்து விடற சல்லடை) போடணும்னு வாட்டர் போர்டு உத்தரவு போட்டுச்சே, எங்க கமிட்டியும் எல்லா குழாய்க்கும் ஒரே சைஸ் வாங்கி மாட்டிட்டாங்க. கீழ் வீடுகள்ல அருமையா வருது, எங்க வீட்டுல பாத்திரம் கழுவறதுக்குள்ள உயிரு போகுது, கடைசில இந்த மாடில இருக்கற எல்லாருமே கழட்டி வெச்சுட்டோம். லேபிள் இருந்தா மட்டும் இது சரியாகுமா?

பைப்லைன்_குமார்:
மேடம் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்க லேபிள்ல வாஷ்பேசின் குழாய் 60 பி.எஸ்.ஐ. பிரஷர்ல நிமிஷத்துக்கு 5.7 லிட்டர தாண்டக்கூடாது, அதே சமயம் 20 பி.எஸ்.ஐ.லயும் 3 லிட்டருக்கு குறையக்கூடாது. அந்த 20 வரணும்னா ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து குழாய் 14 மீட்டர் கீழ இருக்கணும், அதாவது மேல இருக்கற நாலு மாடிக்கு பம்ப் இல்லாம அது கிடைக்கவே கிடைக்காது, உங்க வீட்டுக்கு டேங்க் 3 மீட்டர் மேலன்னா வெறும் 4 பி.எஸ்.ஐ.தான். அதனால மேல் மாடிகளுக்கு கம்மி பிரஷர்ல எவ்வளவு வருதுன்னு ரிப்போர்ட்ல தனியா பாத்து வேற மாடல் போடணும், கீழ பிரஷர் ஜாஸ்தி இருக்கற இடத்துல உள்ள ரப்பர் வளையம் வெச்ச ஏரேட்டர் போட்டா பிரஷர் ஏற ஏற அது தானா இறுக்கி தண்ணிய குறைச்சுக்கும்.

அல்சூர்_பிளம்பர்:
அண்ணா நான் இருவது வருஷமா இந்த வேலை பாக்கறேன், ஒண்ணு சொல்லிக்கறேன். டேங்க் மட்டும் மாத்தாதீங்க. பழைய கமோடு 10 லிட்டருக்கு செஞ்சது, அதுக்கு மேல 6/3 டேங்க் (பெரிய பட்டனுக்கு 6 லிட்டர், சின்ன பட்டனுக்கு 3) வெச்சா சுத்தமா போகாது, ரெண்டும் ஒரே செட்டா வாங்குங்க. அப்புறம் உங்க பில்டிங்ல ஃப்ளஷுக்கு எஸ்.டி.பி. தண்ணியா (கழிவுநீர சுத்திகரிச்சு தனி பைப்ல வர்றது) நல்ல தண்ணியா? எஸ்.டி.பி. தண்ணின்னா கமோடுல காச போடறத விட்டுட்டு குழாயும் ஷவரும் முதல்ல பாருங்க. போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, ஏரேட்டர் அடைச்சுக்கும், அப்பப்போ கழட்டி வினிகர்ல ஊற வைக்கணும், கழட்ட வர்ற மாதிரி மாடல்தான் வாங்கணும்.

வர்த்தூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எங்களது பழைய பில்டிங், தனி பைப் கிடையாது, டேங்கர் தண்ணியதான் ஃப்ளஷ் பண்றோம், மனசுக்கே கஷ்டமா இருக்கு. இப்போ கணக்கு போட்டு பாத்தேன், வீட்டுக்கு நாலு பேர், ஒருத்தருக்கு அஞ்சு தடவை, 10 லிட்டருக்கு பதிலா சராசரி 4ன்னு வெச்சா ஒரு வீட்டுக்கு 120 லிட்டர், 96 வீட்டுக்கு 11,520. தினமும் கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் டேங்கர் மிச்சமாகுது! முதல்ல டாப் ஃப்ளோர்ல ஒரு வீடு, கீழ ஒரு வீடுன்னு சாம்பிள் மாட்டச் சொல்லலாம்னு இருக்கேன், குமார் சார், டெஸ்ட் ரிப்போர்ட் எந்த லேப்ல வாங்கினதா இருக்கணும்?

பைப்லைன்_குமார்:
என்.ஏ.பி.எல். (டெஸ்ட் லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கற லேப். ரிப்போர்ட்ல இருக்கற மாடல் நம்பரும் சாம்பிள் பெட்டில இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு, குழாய ஒரு நிமிஷம் முழுசா திறந்து பக்கெட்ல பிடிச்சு அளந்துக்கங்க, ரெண்டு மாடிலயும்.