சுயநிதிக் கல்லூரி அனுபவம் சிஏஎஸ் (கல்லூரி ஆசிரியர் பணி மேம்பாட்டுத் திட்டம்) பதவி உயர்வுக்குச் சேருமா? உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை, லெவல் 10லிருந்து 11

சேதுக்கரை:
பாடம் கடல் உயிரியல், பிஎச்.டி. உண்டு. கீழக்கரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 3 ஆண்டு தொகுப்பூதியம். பிறகு உதவிபெறும் கல்லூரியில் முறையான நியமனம்; வரும் ஜூனில் 4 ஆண்டு முடிகிறது. பழைய 3 ஆண்டைச் சேர்த்து லெவல் 11 கேட்கலாமா? பாக் நீரிணைக் கடற்புல் பற்றி மண்டபம் விஞ்ஞானிகளோடு எழுதிய கட்டுரைக்கு (4 பேர், நான் மூன்றாவது, இதழின் மேற்கோள் அளவான இம்பாக்ட் ஃபேக்டர் 1.4) எவ்வளவு மதிப்பெண் வரும்?

பாம்பன்காற்று:
சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள் சார். சுயநிதி என்பது தடையில்லை; 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி 10, நிர்வாகம் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மாட்டுவது சம்பளத்தில். ஒப்பந்தப் பணி கணக்கில் வர யுஜிசி தகுதி இருந்திருக்க வேண்டும், முறைப்படி அமைந்த தேர்வுக் குழு எடுத்திருக்க வேண்டும், மொத்த மாதச் சம்பளமும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். லெவல் 10இல் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700. தொகுப்பூதியம் அதை எங்கே தொடுகிறது? வெறும் அனுபவச் சான்றிதழை வைத்தால் கோப்பு திரும்பிவிடும். கெஸ்ட் லெக்சரர் (கௌரவ விரிவுரையாளர்) காலம் என்றால் பேச்சே இல்லை.

தொண்டிக்கரை:
பழசை விட்டுவிட்டு ஜூனைப் பிடியுங்கள். பிஎச்.டி. இருப்பதால் 4 ஆண்டு போதும். 3 மாதம் முன்னதாகவே, அதாவது மார்ச்சில், விண்ணப்பம் கொடுக்கலாம். பலர் தடுக்கி விழுவது 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சியில். அது ஆகஸ்டில்தான் முடிகிறது என்றால் தகுதி நாளும் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும். அதோடு 5 நாளாவது நடக்கும் ரெஃப்ரெஷர் (புத்தாக்கப் பயிற்சி), எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) போன்ற ஒன்று, அல்லது சான்றிதழுடன் ஒரு மூக் (இணையவழி) படிப்பு வேண்டும்.

4 ஆண்டுக்கான வருடாந்தரச் செயல்பாட்டு அறிக்கைகளில் 3இல் 'திருப்தி' அல்லது 'நன்று' வேண்டும். ஒதுக்கிய வகுப்பில் 80 சதவீதம் எடுத்தால் நன்று, 70க்குக் கீழே போனால் வேறு எத்தனை பணி செய்திருந்தாலும் காப்பாற்றாது. புயல் விடுமுறையில் விட்ட வகுப்பைச் சனிக்கிழமை எடுத்தீர்களா, அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். மாணவர் சார்ந்த பணி ஆண்டுக்கு ஒன்றாவது வேண்டும், மூன்று இருந்தால் 'நன்று': தேர்வுப் பணி, அரியமான் கடற்கரையில் என்எஸ்எஸ் துப்புரவு, குருசடைத் தீவுக் களப்பயணம் எல்லாம் செல்லும். களப்பயணத்துக்கு வனத்துறை அனுமதிக் கடித நகலே நல்ல சான்று.

கடற்புல்:
கட்டுரை மதிப்பெண் லெவல் 11க்குத் தேவையே இல்லை. அந்த ஆண்டின் ஒரு பணியாக மட்டும் காட்டுங்கள். இணைப் பேராசிரியர் நேரடி நியமனம் போன்ற இடங்களில்தான் அது உதவும் (8 ஆண்டு அனுபவம், 7 கட்டுரை, 75 மதிப்பெண்). அறிவியல் கட்டுரைக்கு 8, இம்பாக்ட் ஃபேக்டர் 1க்கும் 2க்கும் இடையில் என்றால் மேலே 15, ஆக 23. இரண்டு பேருக்கு மேல் எழுதினால் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர்) 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. மூன்றாவது பெயருக்கு 6.9தான் தேறும், தொடர்பு ஆசிரியர் என்றால் 16.1. அடுத்த கட்டுரையை அனுப்பும் முன்பே மண்டபத்தில் இதைப் பேசி முடித்துவிடுங்கள். ஏற்கத்தக்க இதழ்களின் யுஜிசி கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். இதழின் சக மதிப்பாய்வு விவரப் பக்கத்தை இப்போதே அச்செடுத்து வையுங்கள்.

சேதுக்கரை:
ஓரியண்டேஷன் முடிந்தது, மூக் பாக்கி. பிஎச்.டி. படித்துக்கொண்டே பாடம் எடுத்த காலம் அனுபவத்திலிருந்து கழியுமா?

பாம்பன்காற்று:
விடுப்பே எடுக்காமல் வகுப்பும் எடுத்திருந்தால் கழியாது. ஆனால் உங்களுக்கு அது சுயநிதிக் காலம் என்றால் மேலே சொன்ன சம்பளக் கணக்கே குறுக்கே நிற்கும். மூக் சான்றிதழ் தேதி ஜூனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.