குடும்பக் குழு: சுண்டெலிக்குக் குணமான குடல் நோய்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். குடல் அழற்சியைச் சுண்டெலிகளில் ஆற்றிவிட்ட புதிய மருந்து ஒன்றைப் பற்றிய செய்தியை மேலே அனுப்பியிருக்கிறேன். நம் செல்விக்கு இருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய்க்குத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். கயல், நீ இத்தகைய ஆய்வகத்தில்தானே வேலை செய்கிறாய்? இது எப்போது மருந்துக்கடைக்கு வரும்?

செல்வி அத்தை: நானும் படித்தேன் அண்ணா. மெசலமைன் மாத்திரையை விழுங்கி விழுங்கிச் சலித்துவிட்டது. உடம்பும் இப்போது நன்றாக இருப்பதால், இது வரும்வரை அதை நிறுத்தி வைக்கலாமா, கயல்?

கயல்: வேண்டாம் அத்தை, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் அது திரும்பாமல் காப்பதே அந்த மாத்திரையின் வேலை. செய்தியில் உள்ள மருந்தோ இன்னும் எந்த மனிதருக்கும் கொடுக்கப்படவில்லை.

அந்தச் சோதனை நடக்கும் முறையைச் சொல்கிறேன். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்ற பொடியை 2 அல்லது 3 சதவீத அளவில் குடிநீரில் கலந்து ஏறக்குறைய ஒரு வாரம் கொடுப்பார்கள். அது பெருங்குடலின் உட்சுவரை அரித்துவிடுவதால், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் திசுவைத் தொட்டு அழற்சி மூள்கிறது. சில நாட்களில் மலம் இளகி, இரத்தம் தென்படும். தினமும் காலையில் ஒவ்வொரு எலியையும் தராசில் வைத்து எடை குறிப்போம். 20 கிராம் எலி 4 கிராம் இழந்துவிட்டால் அதை மேலும் வதைக்காமல் சோதனையிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். முடிவில் பெருங்குடலை அளவுகோலின் அருகே நீட்டி வைத்து அளப்போம். சுமார் 8 செ.மீ. இருக்க வேண்டியது, நோயுற்ற எலியில் 5, 6 செ.மீ. ஆகச் சுருங்கியிருக்கும்.

பெரியப்பா: மருந்து கொடுத்த எலிக்குக் குடல் சுருங்கவில்லை என்றால், மருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

கயல்: மருந்தை எந்த நாளில் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்தது, பெரியப்பா. பொடி கொடுப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தால் அது நோயைத் தடுத்ததே தவிர, வந்த நோயை ஆற்றியதாகாது. அதோடு, பொடியை நிறுத்தி வெறும் தண்ணீர் கொடுத்தாலே அந்த எலி பெரும்பாலும் தானாகத் தேறத் தொடங்கும். அத்தைக்கு அப்படி நிறுத்துவதற்கு ஒரு பொடி இல்லை. இன்னொன்று, எலிகள் ஒன்றன் கழிவை ஒன்று தின்பதால் ஒரே கூண்டில் வாழ்பவற்றுக்குக் குடல் பாக்டீரியாவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மருந்து பெற்றவை எல்லாம் ஒரு கூண்டிலும் பெறாதவை வேறு கூண்டிலும் இருந்தால், தெரிகிற வேறுபாடு மருந்தால் வந்ததா கூண்டால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குப் பொடியே இல்லாமல் குடல் அழற்சி வருகிறது என்பது 1993 முதல் தெரியும். அவற்றிலும் பலித்த மருந்தைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

செல்வி அத்தை: அப்படியென்றால் அந்தச் சின்ன உயிர்களை வதைப்பதில் பயன்தான் என்ன?

கயல்: பயன் உண்டு அத்தை. இன்டர்லூகின்-17 என்ற புரதத்தைத் தடுத்தால் எலிகளின் குடல் அழற்சி மோசமாகிறது என்று 2004-இலேயே கண்டார்கள். அதே புரதத்தைத் தடுக்கும் செக்குகினுமாப் மருந்தைக் கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2012-இல் வெளியானபோது, அவர்களுக்கும் அது பலன் தரவில்லை, சிலருக்கு நோய் கூடியும் இருந்தது. எலிகள் தந்த எச்சரிக்கை அங்கே மெய்யானது. ஆனால் எலிகளில் நன்றாகப் பலித்த மோங்கர்சென் மருந்து, 2015-இல் நோயாளிகளிடமும் பெரும் நம்பிக்கை அளித்துவிட்டு, பலன் தராது என்று கண்டு 2017-இல் இறுதிக்கட்ட ஆய்விலேயே கைவிடப்பட்டது.

பெரியப்பா: செய்தியின் கடைசிப் பத்தியை மறுபடியும் படித்தேன், அம்மா. பொடி கலப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மருந்து கொடுத்ததாக எழுதியிருக்கிறது.

கயல்: அப்படியானால் அது தடுப்புச் சோதனைதான். அத்தை, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அறிகுறி இல்லாதபோதும் உள்ளே அழற்சி இருக்கிறதா என்பதை அது காட்டும். மாத்திரையைக் குறைப்பது பற்றிய பேச்சை அதன் பிறகு அவரிடமே எடுக்கலாம்.

செல்வி அத்தை: சரி கண்ணு, கேட்கிறேன். இன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டேன்.