புதுப்பிப்பு: போனெட்டில் அமரெத்தி மிதப்பது சரிதான்

இத்தாலியின் பியெமோந்தே பகுதி இனிப்பான போனெட் பற்றி முன்பு கேட்டிருந்தேன்: பொடித்துப் போட்ட அமரெத்தி என்ற பாதாம் வாசனை பிஸ்கட் எல்லாம் மேலே மிதக்கிறதே, சரியா என்று. சரிதான். வேகும்போது தூள் மேலே எழும்பி ஓர் அடுக்காகிவிடும். அச்சைக் கவிழ்த்ததும் அதுவே அடிப்பாகம். மேலே வழவழப்பான சாக்லேட் கஸ்டர்ட், கீழே பாதாம் வாசனையோடு லேசான கரகரப்பு. இதைத் தடுக்கப் பிஸ்கட்டை மைபோல அரைக்கவே வேண்டாம், ருசியே அந்த அடுக்கில்தான் இருக்கிறது.

நான் எடுத்த அளவு: அரை லிட்டர் பால், 4 முட்டை, சர்க்கரையும் அமரெத்தியும் தலா 100 கிராம், 2 மேசைக்கரண்டி கோகோ, கொஞ்சம் ரம். முட்டையை நுரைக்க அடிக்காமல் கலக்கினால் போதும். அச்சில் முதலில் காரமல், அதன்மேல் கலவை ஊற்றி, வெந்நீர்த் தட்டில் வைத்து, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தட்டுத் தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாகும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இறுகிய காரமல் அப்போதுதான் கரைந்து பாகாகும்.

கோகோ சேர்க்காத, பியெமோந்தேயின் மொன்ஃபெராத்தோ வட்டார வகையும் உண்டு. அடுத்து அதைச் செய்து பார்க்கிறேன்.