புதுப்பிப்பு: குளிர் இரவுகளில் பால் பைத்தான் பாம்புக்கு வெப்பம்

எங்கள் வளர்ப்பு மலைப்பாம்பான பால் பைத்தானின் (ball python) கண்ணாடிக் கூண்டு இரவில் 21 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வெப்பப் பாய் பழுதாகியிருக்குமோ என்று சந்தேகித்தேன்; ஆனால் அது பழுதாகவில்லை. அது தரையைச் சூடாக்குமே தவிர, காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. ஆகவே, வெளிச்சம் தராத பீங்கான் வெப்ப விளக்கு ஒன்றைக் கம்பிக் கூட்டுக்குள் பொருத்தி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்தேன். (இதை முதலிலேயே செய்திருக்கலாம்.) இப்போது சூடான பக்கம் 31 டிகிரியிலும் குளிர்ந்த பக்கம் 25 டிகிரியிலும் நிற்கின்றன. சென்ற வாரப் பதிவைப் படித்துவிட்டு வெப்பக் கல்லை (மின்சாரத்தில் சூடாகும் கல்) பரிந்துரைத்தவருக்கு நன்றி. ஆனால் அதன்மேல் அசையாமல் கிடக்கும் பாம்புக்கு வயிற்றில் தீக்காயம் ஏற்படக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். குளிரில் செரிமானம் மந்தமாகி, விழுங்கிய இரையைக் கக்கிவிடுமோ என்று அஞ்சி நிறுத்தியிருந்த உணவை, நாளை மறுநாள் சிறிய எலி ஒன்றுடன் மீண்டும் தொடங்கவிருக்கிறேன்.